மருந்தும் அளவும்

பொதுச் சுகாதாரத் திட்டங்களின் வெற்றியை, வாங்கிய மருந்தின் மதிப்பைக் கொண்டும் வழங்கிய புட்டிகளின் எண்ணிக்கையைக் கொண்டும் கணிப்பது நிர்வாகத்தின் வழக்கம். ஆனால் மருந்து பயன் தருவது கிடங்கிலன்று. உரிய அளவில் நோயாளியின் உடலுக்குள் சென்ற பின்னரே. கைக்குழந்தைகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் கொடுப்பதில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படுகிறது.

வளர்ந்தோருக்கு ஒரு மாத்திரை என்று சொல்லிவிடலாம். குழந்தைக்கோ உடல் எடையே அளவுகோல். நிமோனியா கண்ட குழந்தைக்கு, ஒரு கிலோ எடைக்குக் குறைந்தது 40 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இருவேளை அமாக்சிசிலின் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. அவ்வாறாயின் 5 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம் தேவை.

இதே மருந்து 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம் கொண்ட பாகாகவும், 1 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் கொண்ட சொட்டு மருந்தாகவும் விற்கப்படுகிறது. பாகாயின் 8 மில்லிலிட்டர். சொட்டு மருந்தாயின் 2 மில்லிலிட்டர். செறிவைக் குறிக்காத சீட்டுடன் புட்டி மாறிவிட்டால், குழந்தை பெறுவது தேவையில் கால் பங்காகலாம். அன்றி நான்கு மடங்காகலாம். பெயர் ஒன்றாகவே இருப்பதால் தாய் ஐயுற வாய்ப்பில்லை.

உலர்தூளில் புட்டியின் கோட்டிற்கு மேல் நீர் ஊற்றினால் மருந்து நீர்த்துவிடுகிறது. நன்கு குலுக்காவிடில் அடியில் தங்கிவிடுகிறது. 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம் சந்தையை மெட்ரிக் முறைக்குக் கொணர்ந்தது. அடுக்களைக் கரண்டி இன்றும் வீட்டிற்கு வீடு வேறுபடுகிறது.

அளவு மிகுந்தால் தீங்கு அக்குழந்தையோடு நிற்கக்கூடும். குறைந்தாலோ, நோய் தீராததுடன், மருந்தை எதிர்க்கும் கிருமிகள் எஞ்சிப் பெருகிப் பிறருக்கும் பரவுகின்றன. ஒரு வீட்டின் பிழைக்குச் சமுதாயம் விலை கொடுக்கிறது. மருந்து எதிர்ப்பைத் தடுக்க இந்தியா 2017ஆம் ஆண்டில் வகுத்த தேசியச் செயல்திட்டம் நிறைவேற, இத்தகைய சிறு பிழைகளும் களையப்பட வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. குழந்தையை எடையிட்ட பின்னரே அளவைக் கணித்தல். சீட்டில் செறிவையும் மில்லிலிட்டரையும் சேர்த்தெழுதுதல். கோடிட்ட ஊசியில்லாப் பீச்சுக்குழாயைப் புட்டியுடன் வழங்குதல். தாயையே ஒருமுறை அளந்து காட்டச் செய்தல் ஆகியவை போதும். நீரில் கரையும் 250 மில்லிகிராம் மாத்திரை கிடைக்குமிடங்களில், எடைப் பிரிவுக்கு இத்தனை மாத்திரை என்று வகுத்துக் கணக்கை மேலும் எளிதாக்கலாம். கொள்முதலைத் திட்டமிடும் அலுவலர் மருந்தின் விலையோடு அதனை அளக்கும் கருவியின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுவாராயின், செலவிட்ட பணம் தன் பயனை எய்தும்.