திகதி தவறாத காசு



  

கல்முனையில் தேநீர்க்கடைக்குப் போனாலும், சாய்ந்தமருதில் மையித்து வீட்டுக்குப் போனாலும் இப்போது ஒரு பேச்சு காதில் விழுகிறது. "அரசாங்கம் மாசா மாசம் சும்மா காசு குடுக்குது, சனம் சோம்பேறியாகப் போகுது" என்கிறார்கள். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. உழைத்து முன்னுக்கு வந்தவர்கள், உழைப்பின் அருமை தெரிந்தவர்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இன்று நான் வந்திருக்கிறேன்.

முதலில் உங்களை ஒரு கடைக்கு அழைத்துப் போகிறேன். நம் ஒழுங்கைகளில் இருக்கிற ஏதாவது ஒரு சில்லறைக் கடை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் மட்டை கிழிந்த கொப்பி ஒன்று கிடக்கும். அதில் ஒரு வீட்டுப் பக்கத்தைப் புரட்டுங்கள். பருப்பு நூறு கிராம். சீனி கால் கிலோ. பால்மா சின்னப் பக்கற் ஒன்று. தேங்காய்ப் பாதி. பாண் ஒரு றாத்தல். மறுநாளும் இதே கணக்கு, அதற்கு மறுநாளும் இதே கணக்கு. கிராம் கணக்கில் வாங்குகிறவன் எப்போதும் கிலோ கணக்கில் வாங்குகிறவனை விடக் கூடுதலாகத்தான் கொடுக்கிறான். கடனுக்கு வாங்குவதால் விலை கேட்கவும் முடியாது, அரிசியில் கல் கிடந்தால் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. ஏழைக்குத்தான் இந்த ஊரில் எல்லாச் சாமானும் விலை அதிகம்.

ஏன் அந்த வீடு கிராம் கணக்கில் வாங்குகிறது? சிக்கனம் தெரியாததாலா? இல்லை. அடுத்த காசு எப்போது வரும் என்று தெரியாததால். நம் கரையோரத்தில் கரைவலை இழுக்கிறவருக்கு மீன் பட்டால் பங்கு, படாவிட்டால் வெறுங்கை. கார்த்திகையில் வாடைக்காற்று எழும்பினால் தை வரைக்கும் கடல் விடாது. அதே மாதங்களில் வட்டைக்குள் வெள்ளாமை பச்சையாக நிற்கும். விதைப்புக் கூலி முடிந்திருக்கும், அறுவடைக் கூலி மாசி, பங்குனியில்தான். இரண்டு பக்கமும் அடைபட்ட அந்த மழை மாதங்களில்தான் மருமகளின் தாலி அடகுக்குப் போகிறது, நுண்கடன் கம்பெனிக்காரர் கிழமைக் கட்டுக் காசுக்கு வாசலில் வந்து நிற்கிறார். வருசத்தில் ஒன்பது மாதம் சமாளித்த குடும்பம் இந்த மூன்று மாதத்தில் விழுந்துவிடுகிறது. விழுந்ததிலிருந்து எழும்ப அடுத்த ஒன்பது மாதமும் போய்விடுகிறது.

இந்த இடத்தில்தான் திகதி தவறாமல் வருகிற ஒரு தொகை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

எங்கள் பகுதியில் ஒரு ராத்தா இருக்கிறா. பெயர் வேண்டாம். கணவர் கரைவலைக்குப் போகிறவர். ராத்தா இடியப்பம் அவித்து விற்கிறவ. முன்பெல்லாம் தினமும் காலையில் யாரிடமாவது கைமாற்று வாங்கி இரண்டு கிலோ மா வாங்குவா. விற்ற காசில் கைமாற்றைக் கொடுத்தால் மிச்சம் மறுநாள் விறகுக்குத்தான் காணும். மழை பெய்தால் இடியப்பம் மிஞ்சும். மிஞ்சினால் மறுநாள் மாவுக்குக் காசில்லை, அடுப்பு மூட்ட மாட்டா. அரசாங்கத்தின் மாதாந்த உதவிக் காசான அஸ்வெசும வரத் தொடங்கியதும் இந்த ராத்தா செய்த முதல் வேலை என்ன தெரியுமா? கடைக்காரக் காக்காவிடம் போய், "காக்கா, எனக்கு இன்ன கிழமையில காசு விழும். ஒரு மூடை மா தாங்க, விழுந்ததும் முழுசாத் தாறன்" என்றா. அவரும் கொடுத்தார். கவனியுங்கள், காசு இன்னும் கைக்கு வரவில்லை. திகதி மட்டும்தான் தெரியும். அந்தத் திகதியே கடைத்தெருவில் பிணை நின்றுவிட்டது! மூடையாக வாங்கியதால் கிலோவுக்கு மிச்சம் பிடித்தது. மழைக்கு மிஞ்சினாலும் மறுநாள் அடுப்பு எரிகிறது. இன்றைக்கு இரண்டு தேநீர்க்கடைகளுக்கு அந்த இடியப்பம் போகிறது. சுபஹுக்கு முன் எழும்பி மா குழைக்கிற அந்தப் பெண்ணையா சோம்பேறி என்கிறோம்?

மருதமுனையில் தறிக்குழியில் உட்கார்ந்து பிறருடைய நூலுக்குக் கூலி நெய்கிற சகோதரிகளைக் கேளுங்கள். சொந்தமாக நூல் வாங்கிப் போட ஒரு சிறு தொகை கையில் இருந்தால் அந்தச் சேலையின் இலாபம் யாருக்குப் போகும் என்று அவர்களே சொல்லுவார்கள்.

இது எங்கள் ஊர் அனுபவம் மட்டுமல்ல. 2011 இல் மத்தியப் பிரதேசக் கிராமங்களில் சேவா என்கிற பெண்கள் சங்கமும் யுனிசெப்பும் சேர்ந்து, நிபந்தனை எதுவும் இல்லாமல் ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் ஒரு சிறு தொகை கொடுத்துப் பார்த்தார்கள். பெரியவருக்கு 200 ரூபாயில் தொடங்கினார்கள், பிள்ளைக்கு அதில் பாதி. சனம் வேலையை விடவில்லை. கூலிக்குப் போனவர்கள் சொந்த நிலத்தில் கூடுதலாக உழைத்தார்கள், ஆடு மாடு வாங்கினார்கள். கென்யாவின் சியாயா மாவட்டத்தில் 653 கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, ஏழைகளுக்குக் கொடுத்த ஒவ்வொரு டொலரும் அந்த வட்டாரப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ இரண்டரை டொலராகப் பெருகியதைக் கண்டது. காசு வாங்காத கடைக்காரரும் கூலியாளும்கூட அதனால் பயனடைந்தார்கள். உலக வங்கி ஆய்வாளர்கள் டேவிட் எவன்ஸும் அன்னா பொபோவாவும் ஆசியா, ஆபிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா எங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2014 இல் வெளியிட்டார்கள். உதவிப் பணம் வாங்கியவர்கள் குடிக்கும் புகைக்கும் கூடுதலாகச் செலவழிக்கவில்லை என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு.

நம் மண்ணிலேயே ஆதாரம் உண்டு. 2004 டிசம்பர் 26. அந்த நாளைப் பற்றி இந்தச் சபையில் நான் விவரிக்கத் தேவையில்லை. இங்கே இருப்பவர்களில் சொந்தத்தை இழக்காதவர்கள் குறைவு. அதற்குப் பிறகு வந்த உதவிகளை நினைத்துப் பாருங்கள். ஒரே வீட்டுக்கு நாலு செட் பாத்திரம் வந்தது. கடலுக்கே போகாதவருக்குத் தோணி வந்தது. மாதம் 5,000 ரூபா தருகிறோம் என்றார்கள், வந்த மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. அந்தக் காலத்திலேயே உலக உணவுத் திட்டம் சுனாமி பாதித்த பகுதிகளில் ஒரு பரீட்சை செய்து பார்த்தது. சில குடும்பங்களுக்கு வழக்கமான அரிசி, மா, பருப்பு. சில குடும்பங்களுக்கு அதன் பெறுமதிக்குக் காசு. காசு வாங்கிய குடும்பங்கள் அரிசியோடும் மாவோடும் நிற்காமல் இறைச்சி, பால் என்று பலவகை வாங்கிச் சாப்பிட்டதை ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு இன்றைக்கு என்ன தேவை என்று உம்மாவுக்குத் தெரியும். கொழும்பில் பொதி கட்டுகிறவருக்குத் தெரியாது.

அரசாங்கம் காசு கொடுப்பதும் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1989 இல் ஜனசவிய வந்தது. மாதம் 2,500 ரூபா, இரண்டு வருசம். அதில் ஒரு பகுதியைப் பின்னாள் சுயதொழிலுக்கென்று சேமிப்பில் வைத்தார்கள். 1995 இல் சமுர்த்திச் சட்டம். அதில் யார் யாருக்குக் கிடைத்தது, யார் யாருக்குக் கிடைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கட்சிக்காரருக்குக் கிடைத்தது, கைம்பெண்ணுக்குக் கிடைக்காமலும் போனது. பிறகு 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த வருசம் செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆனது. உலக வங்கிக் கணக்கில் 2019 இல் நூற்றுக்கு பதினொரு பேர் அளவில் இருந்த வறுமை, 2023 இல் நாலில் ஒருவராகிவிட்டது. அந்த நெருக்கடியின் நடுவில், 2023 ஜூலையிலிருந்து வந்ததுதான் அஸ்வெசும. ஆகவும் வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா, வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபா. 2025 இல் அவை 17,500 ஆகவும் 10,000 ஆகவும் உயர்ந்தன.

கேட்கப் பெரிய தொகையாகத் தெரியும். கணக்குப் போடுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு ஒன்றரைக் கிலோ அரிசி, மாதத்துக்கு 45 கிலோ. 2024 டிசம்பரில் அரசாங்கமே நாட்டரிசிக்குப் போட்ட கட்டுப்பாட்டு விலை 230 ரூபா. பெருக்கினால் 10,350. பத்தாயிரம் ரூபா அரிசிக்கே காணாது! இந்தக் காசை வாங்கிக்கொண்டு யார் சாய்மனைக் கதிரையில் படுக்க முடியும்? இது வீட்டின் அத்திவாரத்துக்குப் போடும் கல். மேலே சுவர் எழுப்புவது அந்தக் குடும்பத்தின் உழைப்புத்தான்.

ஆனால் அத்திவாரக் கல் ஆடக் கூடாது. இந்த இடத்தில் அரசாங்கத்திடம் நமக்குக் கோபம் இருக்கிறது. ஜூலை மாதத்துக்கு உரிய முதல் கொடுப்பனவு 2023 ஆகஸ்ட் கடைசியில்தான் வரத் தொடங்கியது. இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. பிரதேச செயலக வாசல்களில் கைக்குழந்தையோடு தாய்மார் வரிசையில் நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். பத்து நாள் பிந்துவது அலுவலகத்துக்குச் சின்ன விசயம். மூடை மா கடனுக்கு எடுத்த ராத்தாவுக்கு அது வாக்குத் தவறிய விசயம். அடுத்த முறை கடைக்காரர் கொப்பியை மூடிவிடுவார். ஆயிரம் ரூபா குறைத்துத் தந்தாலும் அவ சமாளிப்பா. எந்த நாளில் வரும் என்று தெரியாமல் தந்தால் பாதிப் பிரயோசனம் போய்விடும்.

தெரிவு செய்கிற முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கலீபா உமர் (ரலி) அவர்கள் திவான் என்கிற பதிவேட்டை ஏற்படுத்தி மக்களுக்கு உதவித்தொகை வழங்கியவர்கள். பிள்ளைக்கு உரிய தொகை பால்குடி மறந்த பிறகுதான் என்பது முதலில் இருந்த விதி. ஓர் இரவு மதீனாவுக்கு வெளியே தங்கியிருந்த வணிகக் கூட்டத்துக்குக் காவலாக அவர்கள் நின்றபோது ஒரு குழந்தை ஓயாமல் அழுதது. திரும்பத் திரும்பப் போய்க் கேட்டபோது, யார் கேட்கிறார் என்று தெரியாத அந்தத் தாய், பால் மறந்த பிள்ளைக்குத்தான் உமர் காசு தருகிறார், அதற்காக முந்தியே பாலை நிறுத்தப் பார்க்கிறேன் என்றாள். அன்று சுபஹுத் தொழுகையில் அவர்கள் ஓதியது அழுகையால் மற்றவர்களுக்கு விளங்கவில்லை என்று வரலாற்றில் பதிந்திருக்கிறது. பிறந்த நாளிலிருந்தே பிள்ளைக்குத் தொகை என்று விதியை மாற்றி எல்லா இடங்களுக்கும் அறிவித்தார்கள்.

அஸ்வெசும 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பத்தை அளக்கிறது. கல்வி, சுகாதாரம், சொத்து, வீட்டு நிலை என்று விரியும் அந்தப் பட்டியலில் மின்சாரப் பாவனையும் ஒன்று. மின்பட்டியல் கூடினால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று பயந்து, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் மின்குமிழை ஒன்பது மணிக்கே அணைக்கிற உம்மாமார் நம் ஊரில் இருக்கிறார்கள். இது அன்று மதீனாவில் கேட்ட அழுகைதான். ஒரு விதி தாயின் கையாலேயே பிள்ளைக்குக் கெடுதல் செய்ய வைத்தால், மாற வேண்டியது விதி. நலன்புரி நன்மைகள் சபை இதைக் காதில் வாங்க வேண்டும்.

இன்னொன்று. இந்தக் காசு வீட்டில் யார் பெயரில் விழ வேண்டும்? தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை என்று மாதம் 1,000 ரூபாயைக் கோடிக்கும் அதிகமான பெண்களின் வங்கிக் கணக்கிலேயே போடத் தொடங்கினார்கள். நமக்கு இது அந்நியமான யோசனையா? பொத்துவிலிலிருந்து மருதமுனை வரைக்கும் வீடும் வளவும் பெண்ணுக்கு என்று கொடுக்கிற ஊர்கள் நம் ஊர்கள். மாப்பிள்ளை வந்து சேருகிறது அவள் வீட்டுக்கு. வீட்டை அவள் பெயரில் எழுதுகிற சமூகம், அந்த வீட்டின் அடுப்புக் காசை மட்டும் வேறு கையில் கொடுக்க என்ன காரணம் இருக்கிறது?

கடைசியாக, முன்வரிசையில் இருக்கும் ஸகாத் குழுப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உரிமையோடு கேட்கிறேன். அரசாங்கத்தைக் குறை சொல்லிவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. நம் ஊர் ஸகாத்தில் பெரும்பங்கு நோன்பு மாதத்தில்தான் வெளியே வருகிறது. நோன்பு இருபத்தேழில் ஏழை வீட்டில் எல்லாம் இருக்கும். பெருநாள் கழிந்து ஆறு மாதத்தில் அதே வீட்டில் பால்மா இருக்காது. ஸகாத் பெற உரியவர்கள் எட்டு வகையினர். அவர்களில் ஏழையும் உண்டு, கடனில் மூழ்கியவரும் உண்டு. அவர்களின் பசி ஒரு மாதத்தோடு முடிகிறதா? தையல் மெசின், மீன் வலை, கடைக்கு முதல் என்று மொத்தமாகக் கொடுப்பது நல்லதுதான், அது தொடரட்டும். ஆனால் கணவனை இழந்த பெண், கிளினிக்குக்குப் போய் வருகிற சிறுநீரக நோயாளி, உழைக்கப் பிள்ளையில்லாத முதியவர், இவர்களுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி, பன்னிரண்டாகப் பிரித்து, மாதம் பிறந்ததும் கணக்கில் விழும்படி செய்யுங்கள். எல்லாருக்கும் வேண்டாம். முதல் வருசம் ஒவ்வொரு மஹல்லாவிலும் பத்துக் குடும்பத்தோடு தொடங்குங்கள். கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதத்துக்கும் சற்றுக் கூட்டிக் கொடுங்கள். வருச முடிவில் அந்தப் பத்து வீட்டுக் கடைக் கொப்பிகளையும் நீங்களே புரட்டிப் பாருங்கள்.

தாய்மார்களே, கூட்டம் முடிந்ததும் கலைந்து போய்விடாதீர்கள். மண்டபத்தின் வலப்பக்கத்தில் இரண்டு மேசை போட்டு நம் வாலிபர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அஸ்வெசுமவில் பெயர் வராதவர்கள், தொகை குறைக்கப்பட்டவர்கள், கணக்கில் காசு விழாதவர்கள் எல்லோருக்கும் மேன்முறையீடு எழுதித் தருவார்கள், ஒரு சதமும் வாங்க மாட்டார்கள். அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் மின்பட்டியலும் கையில் கொண்டு வந்தவர்கள் முதலில் போங்கள். வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள் இஷாவுக்குப் பிறகு எடுத்துக்கொண்டு வாருங்கள், மேசையைத் தூக்க மாட்டோம்.