சோளத்தின் இனிப்பு கரையும் முன்



சந்தையில் ஸ்வீட் கார்ன் மலிவாகக் கிடைத்தால் கூடுதலாக நாலு கதிர் வாங்கிவிடுகிறோம். இரண்டு நாள் போனால் அந்த இனிப்பு இல்லை. ஏன்? கதிரைப் பறித்ததுமே அதிலுள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். அதனால், வாங்கிய அன்றே பதப்படுத்தி ஃப்ரீசரில் வையுங்கள்.

தோலையும் நாரையும் உரித்து, முழுக் கதிராகவே கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். ஐந்து நிமிடம் போதும். பச்சையாகவே ஃப்ரீசரில் வைத்தால் என்ன? வைக்கலாம். ஆனால் நாளாக ஆக நிறமும் மணமும் கெடும். உறைந்த பிறகும் அதிலுள்ள என்சைம்கள் மெல்ல வேலை செய்யும். அதை அடக்குவது கொதிநீர்தான்.

எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் போடுங்கள். இது முக்கியம். முதலில் கொதிநீர், உடனே குளிர்நீர். இல்லாவிட்டால் உள்சூட்டிலேயே வெந்து முத்துகள் குழைந்துவிடும்.

ஆறிய கதிரை அகலமான தாம்பாளத்தில் நிமிர்த்தி வைத்து, கத்தியால் மேலிருந்து கீழே சீவுங்கள். பொலபொலவென்று தட்டிலேயே விழும். கட்டையை ஒட்டிச் சீவினால் சக்கையும் வந்துவிடும், சற்று மேலாகவே சீவுங்கள்.

பிறகு துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றியெடுங்கள். தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். இறுகிய பிறகு கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடுங்கள். கட்டியாக ஒட்டாது. வேண்டியபோது ஒரு கைப்பிடி அள்ளலாம்.

உப்புமாவோ சூப்போ, உருக வைக்காமல் அப்படியே போடுங்கள்.

மறந்துவிடாதீர்கள், வாங்கிய அன்றே!