குடிநீர் ஆய்வும் அளவின் உறுதியும்
(திருநீர்மலை வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரிலேயே நீர் இருக்கிறது. மலையைச் சுற்றி நீர் சூழ்ந்து நின்றமையால், திருமங்கையாழ்வார் அது வடியும்வரை ஆறு திங்கள் காத்திருந்து வழிபட்டார் என்று தல வரலாறு கூறும். இன்று நம் கவலை வேறு. இருக்கும் நீர் குடிக்கத் தக்கதா என்பதே நம் கேள்வி. குரோம் முறையில் தோல் பதனிட்டமையால் பெயர் பெற்றது அருகிலுள்ள குரோம்பேட்டை. பல்லாவரம், நாகல்கேணிப் பகுதிகளில் நெடுங்காலம் நடைபெற்ற தோல் தொழிலின் கழிவு, நிலத்தடி நீரை உவர்ப்பாக்கியதை இவ்வட்டாரத்தார் அறிவர். 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் பலர் வாந்தி, வயிற்றுப்போக்குக்கு ஆளானபோது குடிநீரின் மீதே ஐயம் எழுந்தது. நீர் மாதிரிகள் ஆய்வுக்கு அனுப்பப்பட்டன. மக்கள் முடிவுக்காகக் காத்திருந்தனர். அவ்வாறு காத்திருந்து பெறும் அறிக்கையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை அறிவது நம் கடமையாகும்.

இந்தியத் தர நிறுவனத்தின் குடிநீர்த் தர ஆவணம் 10500, 2012ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பெற்றது. அதன்படி ஒரு லிட்டர் நீரில் நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேலும், மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேலும் இருத்தல் கூடாது. கரைந்த திடப்பொருள் 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம். வேறு நீர் கிடைக்காவிடில் 2,000 வரை ஏற்கலாம்.

இனி, ஓர் ஊர்க் கிணற்றில் நைட்ரேட் 44 என்று அறிக்கை வந்ததாகக் கொள்வோம். எல்லை 45 ஆதலின் நீர் நல்லது என்று தீர்மானம் நிறைவேற்றிவிடலாமா? அவசரம் வேண்டா.

எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு

ஒரே நெற்குவியலை ஒரே மரக்காலால் இருவர் அளந்தால் கணக்கு ஒன்றாக வருவதில்லை. ஒருவர் தலை தட்டி அளப்பார். மற்றவர் சற்றுக் குவித்து அளப்பார். ஆய்வுக்கூடத்திலும் இதுவே நிலை. தராசு, அளவுக் குழாய், ஒப்பிடப் பயன்படும் கரைசலின் தூய்மை, அறையின் வெப்பம், ஆய்வாளரின் கண் ஆகிய ஒவ்வொன்றும் முடிவைச் சிறிது ஏற்றவோ இறக்கவோ செய்யும். இது பிழையோ ஏமாற்றோ அன்று. எல்லா அளவுக்கும் இயல்பாக உள்ளது. இதனை அளவீட்டு நிச்சயமின்மை என்பர். இதனைக் கணக்கிடும் வழிகாட்டி நூலைப் பன்னாட்டு அமைப்புகள் சேர்ந்து 1993இல் வெளியிட்டன.

கணக்கு கடினமானதன்று. ஒரு காரணத்தால் 0.9 அளவும், மற்றொரு காரணத்தால் 1.2 அளவும் நிச்சயமின்மை வருவதாகக் கொள்வோம். இரண்டும் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்வதில்லை. ஆதலின் அவற்றை நேராகக் கூட்டுவதில்லை. வர்க்கங்களைக் கூட்டினால் 0.81ம் 1.44ம் சேர்ந்து 2.25, அதன் வர்க்கமூலம் 1.5. இதனை இரட்டித்தால் 3. நூற்றில் ஏறத்தாழ 95 பங்கு உறுதியோடு, உண்மை அளவு 44க்கு மூன்று கூடவோ குறையவோ இருக்கும் என்று அப்போது கூறலாம். அதாவது 41 முதல் 47 வரை. எல்லையோ 45!

அறிக்கை 30 என்றிருந்தால் அச்சமின்றி ஏற்கலாம். 60 என்றிருந்தால் தயக்கமின்றி விலக்கலாம். 44 என்றால் மறு ஆய்வு செய்வதும், அதுவரை கைக்குழந்தைகளுக்கு வேறு நீர் கொடுப்பதும் அறிவுடைமை. மிகுந்த நைட்ரேட்டு பச்சிளங் குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும். தீய நீரை நல்லதென்றால் குழந்தைக்குக் கேடு. நல்ல நீரைத் தீயதென்றால் ஊர்ப் பணத்துக்குக் கேடு.

முறை நம் நீருக்குப் பொருந்துமா?

நூலில் உள்ள முறையை அப்படியே செய்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். நைட்ரேட்டை அளக்கும் பழைய முறைகளுள் பீனால் டைசல்போனிக் அமில முறை ஒன்று. நீரில் குளோரைடு மிகுந்தால் அம்முறை நைட்ரேட்டைக் குறைத்துக் காட்டும். நன்னீர்க் கிணற்றுக்கு ஏற்ற அம்முறை, குளோரைடை முதலில் நீக்காவிடில், உவர்நீர்க் கிணற்றுக்கு ஏற்றதாகாது.

இதனைக் கண்டறியும் வழி எளியது. 24 மில்லிகிராம் காட்டும் கிணற்று நீரில் அறிந்த அளவாக 20 மில்லிகிராம் சேர்த்து மீண்டும் அளந்தால், 44க்கு அருகில் வரவேண்டும். 38தான் வந்தால், சேர்த்த 20இல் 14 மட்டுமே திரும்பக் கிடைத்தது. முறையில் குறை உண்டு. இதனோடு, பல நாள், பல ஆய்வாளர் செய்தும் முடிவு ஒத்து வருகிறதா, எவ்வளவு சிறிய அளவுவரை கண்டறிய இயலும் என்பனவற்றையும் சோதித்தலே முறையைச் சரிபார்த்தல் ஆகும். குரோமியத்தின் எல்லை 0.05, 0.1க்குக் கீழ் காண இயலாத முறை 'இல்லை' என்று கூறினால் அதனால் பயன் யாது?

2017இல் திருத்தி வெளிவந்த 17025 என்னும் பன்னாட்டுத் தரம் இவற்றையெல்லாம் ஆய்வுக்கூடங்களிடம் கோருகிறது. நம் நாட்டில் ஆய்வு, அளவுத்திருத்த ஆய்வுக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம் அதன்படி சோதித்து அங்கீகாரம் வழங்குகிறது. அவ்வங்கீகாரம் கட்டடம் முழுமைக்கும் உரியதன்று. ஒவ்வோர் ஆய்வுக்கும் தனித்தனியே உரியது. கடினத்தன்மைக்கு அங்கீகாரம் பெற்ற கூடம் குரோமியத்துக்கும் பெற்றிருக்கும் என்று கொள்ளலாகாது.

நாம் செய்ய வேண்டியவை

ஆய்வுக்கூடம் எத்துணைச் சிறந்ததாயினும், நாம் கொடுக்கும் மாதிரி தவறானால் முடிவும் தவறாகும். ஆழ்துளைக் கிணற்றில் தேங்கிய நீர் வெளியேறும்வரை மோட்டாரை ஓடவிட்டுப் பின்னரே பிடிக்க வேண்டும். கிருமி ஆய்வுக்கு, கிருமி நீக்கிய புட்டியில் எடுத்துப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து விரைந்து சேர்க்க வேண்டும். நிலத்து மண்ணை ஆய்வுக்கு அனுப்பும் உழவரும், ஒரே மூலையில் அள்ளாமல், வயலின் பல இடங்களில் எடுத்துக் கலந்து அனுப்புதல் வேண்டும். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின்கீழ் ஊர்ப் பெண்கள் கையாளும் களச் சோதனைப் பெட்டி ஐயத்தை எழுப்ப உதவும். ஐயம் எழுந்தால் ஆய்வுக்கூடத்தை நாடுக.

அறிக்கை கைக்கு வந்ததும் நான்கு கேள்விகள் கேளுங்கள். எம்முறையில் அளந்தீர்கள்? அம்முறையை எம் நீரைப் போன்ற நீரில் சரிபார்த்தீர்களா? முடிவின் நிச்சயமின்மை எவ்வளவு? இவ்வாய்வுக்கு அங்கீகாரம் உண்டா? கேட்பதற்குக் கூச்சம் வேண்டா. நெல் அளக்கும் மரக்காலைத் திருப்பிப் பார்த்து முத்திரை உண்டா என்று கேட்டவர்கள்தாம் நம் முன்னோர். பிள்ளைகள் குடிக்கும் நீரை அளக்கும் கருவியையும் அவ்வாறே கேட்போமாக.