குப்பையை வாங்கும் அரசாங்கம்

மாமல்லபுரம் கடற்கரையில் காற்றடித்தால் மணலோடு பாலிதீன் பையும் பறக்கும். அழுக்கேறிய அந்தப் பையைப் பழைய பேப்பர் கடைக்காரர்கூடத் தொடமாட்டார்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் தொட்டார். பையைச் சன்னமாக நறுக்கி, 160 டிகிரிக்கு மேல் சூடேறிய ஜல்லியில் தூவினார். அது உருகி ஒவ்வொரு கல்லையும் மெழுகியதுபோல் மூடிக்கொண்டது. அப்புறம்தான் தார். தண்ணீர் உள்ளே இறங்காது, தாரும் மிச்சம். 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டார்கள்.

சரி, வாங்க ஆள் வேண்டாமா? தமிழக அரசு ஊரகச் சாலைகளுக்கு இதை எடுத்துக்கொண்டது. நறுக்கிக் கொடுத்தவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். குப்பைக்கு விலை வந்தது அங்கேதான்! 2015-இல் மத்திய அரசும், ஐந்து லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் இதைக் கட்டாயமாக்கியது. நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் தாம்பரம், திருப்போரூரெல்லாம் சென்னையின் அந்த வட்டத்துக்குள்தான்.

சாலைக்குள் போன பை மறுபடி பையாகாது. அதனால் இதை முழுச் சுழற்சி என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் கடலுக்குப் போவதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்த கிராம சபையில் கேளுங்கள்: நம்ம ஊர் சாலை டெண்டரில் பிளாஸ்டிக் இருக்கிறதா?