இருக்கையை மறுத்தவர் இளைஞரை இருத்தினார்



ஒரு பல்கலைக்கழகம் தன் ஆய்வுத் துறைக்கு இளைஞரை ஆசிரியராக அமர்த்துங்கால் எவற்றை நோக்குதல் வேண்டும் என்பது வெறும் அலுவலக வினா அன்று. பட்டங்களை எண்ணியும், ஆய்வுத்தாள்களை நிறுத்துப் பார்த்தும், பரிந்துரை மடல்களை அடுக்கியும் முடிவு செய்துவிடலாம் எனக் கருதுவோர் பலர். அம்முறையில் ஆள் கிடைப்பார், ஆய்வு கிடைக்குமா? அமெரிக்க நாட்டு ஆர்வர்டு மருத்துவக் கல்லூரியில் நரம்பியலாய்வு வேரூன்றிய வரலாறு இவ்வினாவுக்கு நல்லதொரு விடை.

1959ஆம் ஆண்டில் அக்கல்லூரியின் மருந்தியல் துறைத் தலைவராயிருந்த ஓட்டோ கிரேயர் என்பார், சான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்திலிருந்து சிடீவன் கூப்ளர் என்னும் நரம்பியலறிஞரைத் தம் துறைக்கு அழைத்தார். கூப்ளர் தனியே வந்தாரல்லர். தம் ஆய்வகத்து இளைஞரையும் உடனழைத்து வந்தார். தேவிடு இயூபெல், தோர்சுடன் வீசெல், எட்வின் பர்சுபான், தேவிடு பாட்டர் என்னும் அந்நால்வருள் எவரும் முப்பத்தைந்து அகவையைக் கடந்தவரல்லர். மருந்தியலைத் தம் துறையாகக் கொண்டவரும் அல்லர். மருந்தியல் துறைக்கு இவர்கள் எதற்கு என்று ஏட்டுக் கணக்கர் கேட்பர். கிரேயரோ துறையின் பெயர்ப்பலகையை நோக்காது, வருபவரின் அறிவையும் ஆர்வத்தையுமே நோக்கினார்.

அந்தக் கிரேயர் யார் என்பதைச் சற்று விரித்துரைத்தல் தகும். அவர் செருமானியர், யூதரல்லர். 1933இல், இட்லர் ஆட்சிக்கு வந்த அவ்வாண்டிலேயே, யூதப் பேராசிரியர்கள் பல்கலைக்கழகங்களினின்று வெளியேற்றப்பட்டனர். தூசல்தார்பு நகரில் அங்ஙனம் விலக்கப்பட்ட பிலிப்பு எல்லிங்கர் என்னும் மருந்தியல் பேராசிரியரின் இருக்கை, பெர்லினில் பணியாற்றிய கிரேயருக்கு வழங்கப்பெற்றது. அவருக்கு அப்பொழுது அகவை முப்பத்து மூன்று. அவ்வகவையில் ஒரு பேராசிரிய இருக்கை என்பது வாழ்நாள் முழுமைக்குமான பேறு. அத்தகைய இருக்கைகளில் முகமலர்ந்து அமர்ந்த செருமானியர் பலர்.

கிரேயர் அமரவில்லை. யூத அறிஞரை விலக்கியது முறைகேடு என்றும், ஆகலின் அவ்விருக்கையைத் தாம் ஏற்பதற்கில்லை என்றும் அவ்வாண்டு சூன் 15ஆம் நாளன்று பிரசிய அமைச்சகத்துக்கு மடல் எழுதினார். வேறு சாக்குச் சொல்லி அவர் எளிதில் நழுவியிருக்கலாம். உடல்நலம் குன்றியது என்றொரு வரி போதும். உண்மைக் கரணியத்தையே எழுதினார். பல்கலைக்கழகங்களின் வாயில்கள் அவருக்கு அடைக்கப்பட்டன. நாட்டை விட்டு வெளியேறி, இலண்டனிலும் பின்னர்ப் பெய்ரூத்திலும் பணியாற்றி, 1937இல் ஆர்வர்டுக்கு வந்து சேர்ந்தார்.

அவர் அழைத்த கூப்ளரும் இட்லரின் கொடுமைக்கு அஞ்சி நாடு துறந்தவரே. அங்கேரியில் பிறந்து வியன்னாவில் மருத்துவம் பயின்றவர். 1938இல் ஆத்திரியாவை இட்லர் விழுங்கியவுடன் தப்பிச் சிட்னி நகரத்தை அடைந்தவர். பூனையின் விழித்திரை அணுக்கள் ஒளிக்கு எவ்வாறு மறுமொழி தருகின்றன என்று 1953இல் காட்டிப் பெயர் பெற்றவர். எனினும் தம் ஆய்வகத்து இளைஞர் செய்த ஆய்வில், தாமே கைந்நனைத்து உழைத்தாலன்றித் தம் பெயரைச் சேர்க்க அவர் இசைந்தாரல்லர். ஆய்வகத் தலைவரின் பெயரை எல்லாத் தாளிலும் ஒட்டிக்கொள்ளும் வழக்கம் மலிந்த உலகில் இஃது அரிய பண்பு.

இங்ஙனம் இடமும் உரிமையும் பெற்ற இளைஞர் என்ன செய்தனர்? இயூபெலும் வீசெலும் 1958இல், கூப்ளரின் பழைய ஆய்வகத்திலேயே, பூனையின் மூளையணு ஒன்று ஒளிப்புள்ளிக்கு வாளாவிருந்து, கண்ணாடிச் சில்லின் விளிம்பு வீழ்த்திய மெல்லிய நிழற்கோட்டுக்குப் படபடத்ததைக் கண்டிருந்தனர். ஆர்வர்டில் அவ்வாய்வு விரிந்தது. பிறந்து சின்னாளே ஆன பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில திங்கள் மூடிவைப்பின், பின்னர்த் திறந்தபோதும் மூளை அக்கண்ணின் செய்தியை ஏற்பதில்லை என்று 1963இல் வெளியிட்டனர். குழந்தைகளின் பிறவிக் கண்புரையைக் காலந்தாழ்த்தாது நீக்கல் வேண்டும் என்னும் மருத்துவ முடிவுக்கு இவ்வாய்வு பெருந்துணையாயிற்று. பின்வந்து சேர்ந்த எட்வர்டு கிராவிட்சு என்னும் உயிர்வேதியியலார், நரம்பின் கிளர்ச்சியை அடக்கும் வேதிமத்தைக் கடலிறாலில் ஆராய்ந்தார்.

1966இல் கிரேயர் ஓய்வு பெற்றார். அவ்வாண்டிலேயே கூப்ளரைத் தலைவராகக் கொண்டு நரம்புயிரியல் என்னும் தனித்துறை அக்கல்லூரியில் எழுந்தது. உடலியங்கியலாரும் வேதியியலாரும் உடற்கூற்றியலாரும் ஒரே கூரையின்கீழ்க் கூடியதே அதன் புதுமை. 1968இல் மார்ட்டின் இலூதர் கிங் கொல்லப்பட்டபின், கறுப்பின மாணவர்க்கும் கல்லூரிக் கதவு திறக்கப்படல் வேண்டும் என்று முன்னின்று போராடியோருள் பர்சுபான், பாட்டர், கிராவிட்சு மூவரும் அடங்குவர்.

கூப்ளர் 1980இல் மறைந்தார். அடுத்த ஆண்டு இயூபெலுக்கும் வீசெலுக்கும், உரோசர் சுபெர்ரி என்பாரோடு, நோபல் பரிசு கிடைத்தது. 1982இல் மறைந்த கிரேயர் அதைக் காணும்வரை வாழ்ந்திருந்தார்.