இரத்தப் பிரிவும் சிறுநீரகக் கிருமியும்



சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் தம் ஏழு வயது மகளுடன் வந்திருந்தார். ஓராண்டிற்குள் மூன்று முறை அச்சிறுமிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. சிறுநீரகத்தில் கிருமி சேர்ந்துள்ளது என்று மருத்துவர் கூறியிருந்தார். “ஐயா, இவளுக்கு ‘ஓ’ பிரிவு இரத்தம். எங்கள் குடும்ப இரத்தமே இந்த நோயை இழுக்கிறதா?” என்று கேட்டார்.

இரத்தத்திற்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது அவர் எண்ணிய பிரிவு அன்று. ஏ, பி, ஓ என்னும் பாகுபாட்டை 1901இல் வெளியிட்ட லாண்ட்ஸ்டைனரே, 1927இல் நியூயார்க்கில் லெவின் என்பாருடன் சேர்ந்து வேறொரு பிரிவையும் கண்டார். அதற்கும் ‘பி’ என்றே பெயர். ஆங்கில நெடுங்கணக்கில் இது பதினாறாம் எழுத்து. முன்னதோ இரண்டாம் எழுத்து. தமிழில் எழுதுவோர்க்கு இது பெருந்தொல்லை! இனி நான் ‘பி’ என்பது பதினாறாம் எழுத்தையே.

இப்பிரிவின் அடையாளம் ஒரு சர்க்கரைச் சங்கிலி. பாற்சர்க்கரையின் கூறாகிய காலக்டோஸ் இரண்டு அதில் இணைந்து நிற்கும். இவ்விணை சிவப்பணுக்களின் மேல் மட்டுமன்றிச் சிறுநீர்ப் பாதையின் உட்சுவரிலும் உண்டு.

எஷரிக்கியா கோலி என்னும் கிருமி நம் குடலில் பெரும்பாலும் தீங்கின்றி வாழ்வது. சிறுநீர்ப் பாதையில் அது புகுந்தாலும் சிறுநீரின் ஓட்டம் அடித்துச் சென்றுவிடும். ஆயின் அவ்வினத்துள் சிலவற்றுக்கு மெல்லிய மயிர் போன்ற இழைகள் உள்ளன. இழையின் நுனி அந்தச் சர்க்கரை இணையைச் சிக்கெனப் பற்றிக்கொள்ளும். பற்றிய கிருமி மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்கும்.

இதனை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெளிவுபடுத்தினர். ஆசிரியனாகிய எனக்கு அவர்தம் சோதனையின் எளிமை மிகப் பிடித்தது. கிருமியையும் சிவப்பணுக்களையும் கலந்தால் அணுக்கள் திரளும். சர்க்கரை இணையே இல்லாத மிக அரிய சிலரின் அணுக்களோ திரளா. கண்ணால் காணத்தக்க சான்று!

1983இல் அந்நாட்டு ஆய்வாளர் வெளியிட்ட ஓர் ஆய்வு சிறுமியரைப் பற்றியது. மீண்டும் மீண்டும் சிறுநீரகத் தொற்றுக் கண்டவருள் 100க்கு 97 பேர் ‘பி-1’ வகையினர். நோயற்ற குழந்தைகளுள் 75 பேரே அவ்வகை. எனினும் இங்கே ஒரு நிபந்தனை உண்டு. அந்த 97 என்னும் கணக்கு, சிறுநீர்ப் பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கித் திரும்பும் குறை இல்லாதவர்க்கே, அல்லது மிகச் சிறிதே இருந்தவர்க்கே பொருந்தும். அக்குறை மிகுந்தோரிடம் வேறுபாடு குறைந்துவிட்டது. திரும்பியோடும் நீரே கிருமியைச் சுமந்து செல்லும்போது, பற்றியேற இழை எதற்கு?

நோயற்ற நால்வருள் மூவர் ‘பி-1’ என்றால், அப்பிரிவு மட்டும் நோயாகாது என்பதும் விளங்கும். ஆகவே என் மாணவரிடம், “இரத்தத்தை மாற்ற எவராலும் இயலாது, அப்பா. நீர் திரும்புகிறதா என்று பார்க்க இயலும். பிள்ளைப் பருவத்தில் இத்தொற்று பலமுறை வந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழக்கூடும், தாமதியாமல் மருத்துவரிடம் கேள்,” என்றேன்.

மறுவாரமே படம் எடுத்தார்கள். இடப்புறம் நீர் திரும்புவது தெரிந்தது. இப்போது சிகிச்சை நடைபெறுகிறது.