மேஜையில் வைக்கப்பட்ட பதில்



மதுரை மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறி ஒத்தக்கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். உலகநேரிப் பக்கம் ஐகோர்ட் நிறுத்தம் வந்ததும், கையில் ஃபைலும் மஞ்சள் பையுமாகப் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள். 2004 ஜூலை 24-ஆம் தேதி திறந்த சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அது. நிலத் தகராறு, பணி மூப்பு, கிரானைட் குவாரி என்று எத்தனையோ வழக்குகள் நடக்கிற அந்தக் கட்டடத்தில், 2021-இல் கொஞ்சம் விநோதமான ஒரு வழக்குக்குத் தீர்ப்பு வந்தது. ஓர் எம்.பி. மத்திய உள்துறையிடம் ஒரு விஷயம் கேட்கிறார். பதிலும் வருகிறது. வந்த பதிலை அவரால் படிக்க முடியவில்லை. வழக்கே அதுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். மத்திய ரிசர்வ் போலீஸ் படையில், அதாவது சி.ஆர்.பி.எஃப்.பில், துணை மருத்துவப் பணிகளுக்கு 2020-இல் ஆள் எடுத்தார்கள். தேர்வு மையப் பட்டியலில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை, புதுச்சேரியும் இல்லை. கொரோனா காலம். ரயில் ஓடுமா, ஓடாதா என்று தெரியாத நேரத்தில் நம் பிள்ளைகள் வேறு மாநிலத்துக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். மதுரை எம்.பி. சு. வெங்கடேசன் அந்த அக்டோபரில் உள்துறைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். நவம்பரில் உள்துறை இணையமைச்சர் நித்யானந்த் ராயிடமிருந்து பதில் வந்தது. முழுக்க இந்தி.

எம்.பி. மதுரைக் கிளைக்குப் போனார். நீதிபதிகள் என். கிருபாகரன், எம். துரைசுவாமி அமர்வு 2021 ஆகஸ்ட் 19 அன்று தீர்ப்புச் சொன்னது. ஆங்கிலத்தில் மனு கொடுத்தால் ஆங்கிலத்தில்தான் மத்திய அரசு பதில் கொடுக்க வேண்டும், 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றார்கள் நீதிபதிகள். மொழிப் பிரச்சினையாகத்தான் பத்திரிகைகள் அதை எழுதின. எனக்கு அதில் வேறொன்றும் தெரிந்தது. கேள்வி கேட்கிற உரிமைக்குள்ளேயே, புரிகிற மாதிரி பதில் பெறுகிற உரிமையும் அடங்கியிருக்கிறது என்று ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது அல்லவா, அது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். அவர் எழுதியது கடிதம். கடிதத்துக்கு இந்தத் தேதிக்குள் பதில் என்கிற சட்டக் கட்டாயம் அமைச்சருக்கு இல்லை. நாடாளுமன்றக் கேள்வி அப்படியில்லை. சபைச் செயலகத்தில் குறைந்தது பதினைந்து நாள் முன்பாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஏராளமான கேள்விகள் வருவதால் குலுக்கல் நடக்கும். தேறியவற்றில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் மக்களவையில் நாள் ஒன்றுக்கு இருபது. அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். மேற்கொண்டு துணைக் கேள்வியும் கேட்கலாம். கேள்வி நேரம் என்கிற அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஐந்தாறு கேள்வியை எட்டினாலே பெரிது. நட்சத்திரம் இல்லாதவை இருநூற்று முப்பது வரை. அவற்றுக்கு எழுத்தில் பதில். சபையின் மேஜையில் வைத்துவிடுவார்கள். உள்துறைக்கான முறை மக்களவையில் செவ்வாய், மாநிலங்களவையில் புதன்.

தொலைக்காட்சியில் நாம் பார்க்கிறது கூச்சலும் வெளிநடப்பும். நாட்டுக்கு உபயோகமானது பெரும்பாலும் யாரும் பார்க்காத அந்த மேஜைக் காகிதம்தான். சபை ஒத்திவைக்கப்பட்டாலும் எழுத்துப் பதில் பதிவாகிவிடும். நாளைக்கு அமைச்சரே மாறினாலும் அரசாங்கம் அதற்குப் பொறுப்பு.

கேள்வி நேரத்தின் பலத்தைச் சொல்லத் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் கதையே இருக்கிறது. நமக்கு அவ்வளவு சந்தோஷமான கதை இல்லை. 1957-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா என்கிற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளில் போனது பற்றி மக்களவையில் ஒரு கேள்வி வந்தது. மழுப்பலான பதில். பெரோஸ் காந்தி விடவில்லை. ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன்! விசாரணை ஆணையம் அமைந்தது, நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார், 1958 பிப்ரவரியில் நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். தொடக்கம் ஒரு சாதாரணக் கேள்வி.

ஆனால், பதிலைப் படிக்கத் தெரிய வேண்டும். அதற்கென்று ஒரு பயிற்சி தேவைப்படுகிறது. பாதுகாப்பு, குடியேற்றம், குடியுரிமை என்று உள்துறை வட்டாரத்துக்குள் போய்விட்டால் ஒவ்வொரு சொல்லும் நிறுத்து வைக்கப்பட்டதாக இருக்கும். 2020 பிப்ரவரி 4 அன்று மக்களவையில் ஒரு பதில். நாடு முழுவதும் தேசியக் குடிமக்கள் பதிவேடு, என்.ஆர்.சி., தயாரிக்கப் போகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். தேசிய அளவில் அதைத் தயாரிக்க இதுவரை முடிவு எதுவும் எடுக்கவில்லை என்று உள்துறை எழுதியது. ‘மாட்டோம்’ என்று அதில் எங்கும் இல்லை. ‘இதுவரை’ என்ற இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக்கொள்ள வேண்டும்.

2021 ஆகஸ்டில் மாநிலங்களவையில் இன்னொன்று. செல்போனை ஒட்டுக்கேட்கும் பெகாசஸ் மென்பொருள் விவகாரம் நாடு முழுவதும் பேசப்பட்ட சமயம். அதை விற்கிற இஸ்ரேல் நிறுவனத்தோடு அரசு கொடுக்கல் வாங்கல் வைத்ததா என்ற கேள்வி பாதுகாப்பு அமைச்சகத்துக்குப் போயிருந்தது. பாதுகாப்பு அமைச்சகம் எந்தப் பரிவர்த்தனையும் செய்யவில்லை என்று பதில். மற்ற அமைச்சகங்கள்? அதை அவர்களிடம் யாரும் கேட்கவில்லையே! எந்த வாசலில் கேள்வியைக் கொண்டுபோய் நிற்கிறோம் என்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது.

இவற்றையெல்லாம்விட என் மனதில் தைத்தது 2020 செப்டம்பர் 14-ஆம் தேதிப் பதில். அந்தக் கூட்டத்தொடரில் கொரோனாவைச் சொல்லிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்துப் பதில் மட்டும் மிஞ்சியது. பொதுமுடக்கத்தில் ஊர் திரும்பும் வழியில் இறந்துபோன புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டதற்குத் தொழிலாளர் துறை, அப்படியொரு தரவு பராமரிக்கப்படவில்லை என்றது. அவர்கள் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுத்தீர்களா என்ற அடுத்த பகுதிக்கு, மேற்சொன்ன காரணத்தால் இந்தக் கேள்வி எழவில்லை என்றது. கணக்கு எடுக்காமல் விட்டால் கேள்வியே எழாமல் போய்விடும்! கேட்டவருக்கு இது தோல்வி என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கு இல்லை என்று அரசே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் அது.

தகவல் திரட்டப்பட்டு வருகிறது, சபையின் மேஜையில் வைக்கப்படும் என்று அமைச்சர் சொன்னால் மட்டும் விட்டுவிடக் கூடாது. அது உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். கண்காணிக்க 1953-இலிருந்தே மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. தாமதம் ஆகத்தான் செய்யும். ஆனாலும் பட்டியல் அங்கே இருக்கும்.

சரி, இந்தக் கேள்விகள் யாருக்காக? ஓட்டு இருக்கிறவனுக்கு எம்.பி. வீட்டு வாசல் தெரியும். ஓட்டே இல்லாதவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஒத்தக்கடையிலிருந்து திருவாதவூர் சாலையில் போனால், மாணிக்கவாசகர் பிறந்த அந்த ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. மதுரை மாவட்டத்தில் ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் உண்டு. 2021 ஆகஸ்டில் சட்டப்பேரவையில் முதலமைச்சர் சொன்ன கணக்குப்படி, தமிழ்நாட்டு முகாம்களில் 58,822 பேர். வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாழ்கிறவர்கள் 34,087 பேர். அன்றைக்கு அறிவித்த திட்டத்தில்தான் குடும்பத் தலைவருக்கான மாதப் பணக்கொடை ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐநூறாக உயர்ந்தது. ‘அகதிகள் முகாம்’ ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. வீடு வந்தது, அடுப்பு வந்தது. குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை. அது டெல்லி விவகாரம்.

முடிச்சு எங்கே என்றால், குடியுரிமைச் சட்டத்தில் இருக்கிற இரண்டு தேதிகளில். இந்திய மண்ணில் 1950 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ, 1987 ஜூலை 1-க்கு முன்பு பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அப்பா அம்மா யாரென்று கேட்பதில்லை. 1987 ஜூலை 1-இலிருந்து பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-இலிருந்து இன்னும் இறுக்கம்: பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். உயிருக்குப் பயந்து படகேறியவர் பாஸ்போர்ட்டும் விசாவும் எடுத்துக்கொண்டா வந்தார்? அவர் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறி. ஆகவே அப்பா மேலூர்க்காரராகவே இருந்தாலும், அம்மா படகில் வந்தவர் என்றால், 2010-இல் மதுரை பெரியாஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை பிறப்பால் இந்தியக் குடிமகன் ஆகாது. நம் ஆட்களிலேயே பல பேருக்கு இது தெரியாது.

இந்தத் தேதிகளின் கூர்மையை மறுபடியும் அதே ஒத்தக்கடைக் கோர்ட்டுதான் காட்டியது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. பிறந்த இடத்துக்கும் தேதிக்கும் சான்றிதழ் கையில் இருந்தது. 2022 ஆகஸ்டில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இவர் சட்டப்படி ஏற்கெனவே இந்தியர், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று உத்தரவிட்டார். 2024 மக்களவைத் தேர்தலில் அந்தப் பெண் ஓட்டுப் போட்டார். ஒரு துண்டுச் சான்றிதழில் இருந்த வருஷம் செய்த வேலை. 1987 கடைசியில் பிறந்த அவர் வயதுத் தோழிக்கு, பெற்றோர் இருவரும் இலங்கையர் என்றால், அந்தக் கதவு கிடையாது.

2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்து வந்தவர்களோடு நின்றுவிட்டது. இலங்கை அதில் சேரவில்லை. 2025-இல் பழைய நான்கு சட்டங்களை மாற்றிக் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் வந்தது. செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தபோது உள்துறை ஒரு விலக்கு ஆணை போட்டது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, பதிவும் செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள். நல்ல செய்திதான், சந்தேகமில்லை. ஜெயில் பயம் போனது. அதற்காகக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போடலாமா? ஆணையில் அதற்குப் பதில் இல்லை.

அந்தப் பெண்ணுக்குக் கைகொடுத்தது சான்றிதழ் என்பதால், பிறப்புப் பதிவைப் பற்றி இந்த இடத்தில் சுருக்கமாக ஒன்று. பிறந்து 21 நாளுக்குள் பதிந்தால் செலவில்லை. ஓர் ஆண்டு தாண்டிவிட்டால் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரின் உத்தரவு இல்லாமல் பதிய முடியாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அந்தச் சான்றிதழே ஆதாரம். பெயர் பிறகு வைத்துக்கொள்ளலாம், பதிவை உடனே செய்துவிடுங்கள். அது குடியுரிமைச் சான்று ஆகாது என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

சரி, நாடாளுமன்றக் கேள்விக்குத் திரும்புவோம். எம்.பி.யிடம் போய்ச் சாக்கடை, சாலை கேட்கிற மாதிரி, ஒரு கேள்வியையும் கேட்கச் சொல்லலாம். எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. விதி கண்டிப்பானது: நூற்று ஐம்பது சொல்லுக்கு மேல் போகக் கூடாது, அபிப்பிராயம் கேட்கக் கூடாது, ‘இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்’ என்ற கற்பனை கூடாது, வசவு அறவே கூடாது. ஒத்தக்கடைக்காரன் ஒருவன் எழுதினால் அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

உள்துறை அமைச்சர் தெரிவிப்பாரா: (அ) தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பாஸ்போர்ட் பெற்றவர்கள் எத்தனை பேர், (ஆ) பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தும், 2004 டிசம்பர் 3 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்ததால் குடியுரிமை பெறாத பிள்ளைகள் எத்தனை பேர், (இ) 2025-ஆம் ஆண்டு விலக்கு ஆணையின் கீழ் வருகிறவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று குடியுரிமைச் சட்டம் தொடர்ந்து கருதுகிறதா, (ஈ) ஆம் எனில், அதை மாற்ற அரசு எடுத்த நடவடிக்கை என்ன, (உ) இந்தத் தரவு பராமரிக்கப்படவில்லை எனில், அதற்கான காரணம் என்ன?

கடைசிப் பகுதியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் ‘கேள்வி எழவில்லை’ என்று முடித்துவிடுவார்கள்.